தாயினோக்களின் கசாபே ரொட்டி: நான் சுடும் முறை

கரீபியன் கடலிலுள்ள கியூபா, ஹிஸ்பானியோலா தீவுகளில் வாழ்ந்த தாயினோ மக்களுக்குக் கசப்பு மரவள்ளிதான் சோறு; அதைத் துருவிச் சுட்ட தட்டை ரொட்டிதான் கசாபே. அந்தக் கிழங்கில் சயனைடு நஞ்சு உண்டு. ஆகவே நீங்கள் கடையில் கிடைக்கும் இனிப்பு வகையையே வாங்குங்கள். கசந்தால் தூக்கி எறியுங்கள். இதில் வீரம் வேண்டாம்.

ஒரு கிலோ கிழங்கைத் தோலுரித்து, நடுநரம்பை நீக்கி, பொடியாகத் துருவுங்கள். அவர்கள் கூரிய கற்சில்லுகள் பதித்த பலகையில் துருவினார்கள்.

பிழிவதில்தான் எல்லாம் இருக்கிறது. அவர்களிடம் சிபுகான் என்ற நீண்ட பின்னல் குழாய் இருந்தது. துருவலை அதில் அடைத்து, மரக்கிளையில் தொங்கவிட்டு, அடியில் பாரம் கட்டுவார்கள். குழாய் நீள நீள உட்புறம் இறுகி, நச்சுச் சாறு வடிந்துவிடும். எவ்வளவு எளிய பொறி! என்னிடம் இருப்பது பழைய பருத்தித் துணிதான். முறுக்கிப் பிழிந்து, மேலே அம்மிக்கல்லை ஏற்றி ஓர் இரவு விடுகிறேன். முதல் முறை அவசரப்பட்டேன். ரொட்டி அல்ல, பசைதான் வந்தது. சாற்றைக் கொட்டிவிடுங்கள்.

கையில் பிடித்தால் ஈர மணல் போல உதிர வேண்டும். சலித்து, எண்ணெய் தடவாத சூடான கல்லில் அரை விரல் கனத்துக்குப் பரப்பி அழுத்துங்கள். அவர்களுடைய புரேன் என்ற வட்டக் களிமண் தட்டுக்குத் தோசைக்கல் ஈடாகும். மாவுச்சத்தே ஒட்டிப்பிடிக்கும், தண்ணீர் வேண்டாம். ஓரம் தானாக எழும்பியதும் திருப்பிப் போடுங்கள்.

நன்றாக உலர்த்தினால் மாதக்கணக்கில் கெடாது. ஸ்பானியர்கள் கப்பல் பயணத்துக்கு இதையே மூட்டை கட்டினார்கள்.