வெற்றுச் சரிவை மூடும் நாட்டுப் படர்செடிகள்: தேர்வும் நடவும்

தோட்டச் சரிவுக்குச் செடி வாங்கும் முன் தண்ணீரின் போக்கைப் பார்த்துவிட வேண்டும். மேல் விளிம்பில் ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றி, அது எந்த வழியாக ஓடுகிறது, எங்கே மண்ணை அரிக்கிறது, எங்கே தேங்குகிறது என்று கவனியுங்கள். தமிழகச் சமவெளியில் சரிவின் தலைப்பகுதி பெரும்பாலும் காய்ந்தும் அடிப்பகுதி ஈரமாகவும் இருக்கும் என்பதால், முழுச் சரிவுக்கும் ஒரே செடி என்ற எண்ணத்தைக் கைவிடலாம்.

வெயில் படும் மேற்பகுதிக்கு என் முதல் தேர்வு பொடுதலை. தரையோடு படர்ந்து கணுவுக்குக் கணு வேர்விடும் இச்செடிக்குக் கோடையில் அவ்வப்போது தண்ணீர் காட்டினால் பச்சை மாறாது. நுனிப்பக்கம் மட்டும் பல் வெட்டிய சிற்றிலையும், கரிய ஊதாக் கொண்டையைச் சுற்றி வளையமாக மலரும் வெளிறிய பூக்களும் இதன் அடையாளம். அடிப்பகுதியில் நிழலும் ஈரமும் இருந்தால் வல்லாரையும், தண்ணீர் தேங்கினால் நீர்ப்பிரமியும் போதும்.

இடைப்பட்ட ஈரத்துக்கு மஞ்சள் கரிசலாங்கண்ணி பொருந்தும்; நர்சரியில் ஏமாறுவதும் இதில்தான். ‘வெடேலியா’ என்று விற்கப்படுவது பெரும்பாலும் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த இனம். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அதுவும் உண்டு. அதன் இலை பளபளப்பாக, பெரும்பாலும் மும்மடலாக இருக்கும். நம் நாட்டுச் செடியின் இலையோ மடலின்றி நீண்டு ஒடுங்கியிருக்கும். சீக்கிரம் மூடிவிடும் என்று யார் சொன்னாலும் அந்த அமெரிக்க இனத்தை வாங்காதீர்கள்.

வடகிழக்குப் பருவமழை கொட்டுவதற்குள் வேர் பிடிக்க வேண்டுமென்பதால் ஆகஸ்டில் நடுவது நல்லது. சரிவு முழுவதையும் கொத்தினால் முதல் மழையிலேயே மண் கரைந்துவிடும். ஆகவே குழி மட்டும் எடுத்து, இரண்டு மூன்று கணுக்கள் உள்ள துண்டுகளைச் சுமார் 25 செ.மீ. இடைவெளியில், மேல் வரிசையின் சந்துக்கு நேரே கீழ் வரிசைச் செடி வருமாறு ஊன்றி, இடையில் வைக்கோலைப் பரப்புங்கள்.

சரிவு செங்குத்தாக இருந்தால் படர்செடி மட்டும் தாங்காது. குறுக்கே, கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயால் கோடு குறித்து, அதன்மேல் வெட்டிவேர் நாற்றுகளை 10 முதல் 15 செ.மீ.க்கு ஒன்றாக வைக்கலாம். வாசனைக்காகப் பின்னர் அதன் வேரைத் தோண்டினால் சரிவும் கூடவே இறங்கிவிடும்.

செடிகள் ஒன்றோடொன்று கூடும்வரை களையைக் கையால் மட்டுமே பிடுங்குங்கள். வெற்றிடம் தெரிந்தால் பக்கத்துக் கொடியையே வெட்டி ஊன்றிக்கொள்ளலாம்.