புது யோசனை வேண்டாம், மாவு பொங்கினால் போதும்: டெல்லியில் இட்லி மாவுத் தொழில் தொடங்குவது எப்படி?

ஆர்.கே.புரம் மலை மந்திரில் பிரசாத வரிசையில் நின்றபோது ஒரு தம்பி பேச்சுக் கொடுத்தான். வேலை போய் நான்கு மாதமாம். "ஏதாவது தொழில் பண்ணலாம்னா ஐடியாவே வரமாட்டேங்குதுண்ணே" என்றான். வீட்டுக்கு இட்லி மாவு எங்கே வாங்குறீங்க என்று கேட்டேன். "முனிர்காவுல ஒரு கடை. ஆனா டிசம்பர், ஜனவரியில வாங்குறதில்ல. பொங்கவே பொங்காது."

அவன் சொன்ன அந்தக் குறைதான் எனக்குச் சோறு போடுகிறது. மயூர் விஹாரில் ஒன்பது வருடமாக மாவு அரைத்து விற்கிறேன். மாவு விற்பது என் கண்டுபிடிப்பு இல்லை. பெங்களூரில் 2005-இல் ஐடி ஃப்ரெஷ் என்ற மாவு நிறுவனம் தொடங்கியபோதுகூட அங்கே கடைகளில் ரப்பர் பேண்டு போட்ட மாவுப் பை விற்றுக்கொண்டுதான் இருந்தது. ஜனங்கள் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கும் பொருள் ஒன்றை எடுங்கள். அதில் எங்கே சலித்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள்.

முதல் வாரம்: விசாரணை மட்டும்

கிரைண்டர் வாங்க ஓடாதீர்கள். ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு இருபது வீடுகளில் கேளுங்கள்: மாவு எங்கே வாங்குகிறீர்கள், எந்தக் கிழமை, என்ன குறை? தமிழர் வீட்டில் மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை தோசை சுடும் பஞ்சாபி வீடுகள் என் வாடிக்கையில் பாதி. என் பகுதியில் மூன்று குறைகள் திரும்பத் திரும்ப வந்தன: வெயில் காலத்தில் புளிப்பு, குளிரில் பொங்காமை, சனிக்கிழமை சாயந்திரம் போனால் தீர்ந்துபோயிருப்பது.

சாமான்

உளுந்து, அரிசி மொத்தமாக வாங்க பழைய டெல்லி நயா பஜார் இருக்கிறது. அங்கே வெறுமனே "உரத்" என்று கேட்டால் கறுப்புத் தோல் உளுந்தைக் கட்டிவிடுவார்கள். தோல் நீக்கிய முழு உளுந்து என்று சொல்லி, கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். இட்லி அரிசி ஐ.என்.ஏ. மார்க்கெட்டின் தென்னிந்தியக் கடைகளில் கிடைக்கும். பாஸ்மதி பக்கம் போகவே வேண்டாம்.

வீட்டில் இருக்கும் 2 லிட்டர் கிரைண்டரிலேயே தொடங்கலாம். பெரியது வாங்கும் நாள் வந்தால் கோயம்புத்தூரிலிருந்து வரவழையுங்கள், கூடவே இரண்டு பெல்ட். இங்கே பெல்ட் அறுந்தால் ஒரு நாள் வியாபாரம் போச்சு.

அளவும் கணக்கும்

4 கிலோ அரிசிக்கு 1 கிலோ உளுந்து, ஒரு கைப்பிடி வெந்தயம். ஏறத்தாழ 12 கிலோ மாவு வரும். உதாரணத்துக்கு அரிசி கிலோ 60, உளுந்து 140 என்று வைத்தால் 380 ரூபாய். வெந்தயம், உப்புக்குப் பத்து. கவர், கரண்ட், தண்ணீருக்கு அறுபது. மொத்தம் 450. ஒரு கிலோ விற்காமல் நிற்கும் என்று எடுத்துக்கொண்டு 11-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 41 ரூபாய் அடக்கம். 70-க்கு விற்றால் 29 நிற்கும்; கடைக்காரருக்குப் பத்து கொடுத்தால் 19. அதனால்தான் முதல் ஆறு மாதம் நேராக வீடுகளுக்கே கொடுங்கள் என்கிறேன். உங்கள் உழைப்புக் கூலி இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை; அதையும் எழுதிப் பாருங்கள்.

குளிர்

இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும். மாவைப் பொங்க வைப்பவை உளுந்திலும் அரிசியிலும் ஏற்கெனவே இருக்கும் நுண்ணுயிரிகள். 25 முதல் 30 டிகிரி வரை அவற்றுக்குச் சுகம், எட்டுப் பத்து மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும். டெல்லி ஜனவரி இரவு 7 டிகிரிக்கு இறங்கும். என் முதல் டிசம்பரில் 16 கிலோ மாவு காலையில் ராத்திரி வைத்தபடியே கிடந்தது. பணம் வாங்கியிருந்த எட்டு வீட்டுக்கும் ஏறி இறங்கித் திருப்பிக் கொடுத்தேன். அன்றைக்கு அழுதேன்.

அதற்குப் பிறகு கற்றது இது. நவம்பர் நடுவிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப் போட்டு, அதே தண்ணீர் விட்டு அரைக்கவும். கையால் நன்றாகக் கலக்கவும். உப்பு நுண்ணுயிரிகளை மட்டுப்படுத்தும். எனவே குளிரில் பொங்கிய பிறகே சேர்க்கவும், வெயில் காலத்தில் அரைத்தவுடனே சேர்க்கவும். மாவுத் தூக்கைப் பெரிய தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் இரண்டு பாட்டில் வெந்நீர், மேலே பழைய ரஜாய் (பஞ்சு மெத்தைப் போர்வை). நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வெந்நீரை மாற்றுங்கள். பெட்டிக்குள் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம். இவ்வளவு செய்தும் பதினாறு, பதினெட்டு மணி நேரம் ஆகலாம். ஆகவே சனிக்கிழமை மாவை வெள்ளி மதியமே அரைத்துவிடுங்கள்.

மே, ஜூனில் எல்லாம் தலைகீழ். ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்து, நான்கு மணி நேரத்தில் ஃப்ரிட்ஜில் தள்ள வேண்டும்.

பையில் போடுவது

பொங்கி, குளிர்ந்த பிறகே பையில் போடுங்கள். பைக்குள்ளும் மாவு மூச்சு விடும். கால் பங்கு இடம் விடாவிட்டால் வாடிக்கையாளர் ஃப்ரிட்ஜுக்குள் வெடிக்கும். கரண்டிக் கணக்கு கூடாது, தராசில் நிறுத்துப் போடுங்கள். உணவுத் தரப் பை, அதன் மேல் அரைத்த தேதி.

காகித வேலை

சிறிய அளவில் செய்பவர்களுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு போதும், அதன் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பையில் அச்சிடுங்கள். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், அதற்கு ஏஜென்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். சிறுதொழிலுக்கு வங்கிக் கடன் தரும் மத்திய அரசின் முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் உண்டு. ஆனால் ஒரு குளிர்காலம் தாண்டும் வரை கடன் வேண்டாம் என்பது என் கருத்து.

விற்பது

முதல் நாள் ஐந்து கிலோ. அரைக் கிலோப் பையாகப் பத்து வீடு, பாதி விலைக்கு. ஓசியில் கொடுத்தால் ருசி பற்றி உண்மை சொல்லமாட்டார்கள். மறுநாள் போய் "இட்லி எப்படி வந்தது மாமி?" என்று கேளுங்கள். "கொஞ்சம் கல்லு மாதிரிப்பா" என்றால் அதே நோட்டில் எழுதுங்கள், அன்றைய வெப்பநிலையோடு.

செவ்வாய், வியாழன், சனி என்று மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். சொன்ன நாளில் மழையோ பனிமூட்டமோ மாவு வாசலில் இருக்க வேண்டும். மாவு சரியாக வராத நாளில் முந்தின இரவே போன் செய்து சொல்லிவிடுங்கள். கேட் காவலாளியிடமும் குடியிருப்போர் சங்கத்திடமும் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை ஆர்டர் முப்பது கிலோவைத் தாண்டி, மூன்று வாரம் அப்படியே நின்றால் அப்போது பெரிய கிரைண்டருக்குச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் இரண்டாவது ஃப்ரிட்ஜ்.