அமெரிக்க ஆர்.வி. பயணத்திற்குக் கைப்பேசியை ஆயத்தப்படுத்தும் முறை

அமெரிக்காவில் ஆர்.வி. எனப்படும், படுக்கையும் சமையலறையும் கொண்ட வீட்டு வாகனத்தில் முகாம் பயணம் செல்ல விரும்புவோர் முதலில் நிறுவ வேண்டியது, முகாம் இடங்களைப் பதிவு செய்வதற்கான ரெக்ரியேஷன்.கவ் செயலி. தேசியப் பூங்காக்களின் பல முகாம்களுக்கு 6 மாதங்களுக்கு முன்பே பதிவு தொடங்கி, கோடைக்கால இடங்கள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடுவதால், விரும்பும் இடத்தின் எண்ணையும் அங்கு நிறுத்தத்தக்க வாகன நீளத்தையும் பதிவு தொடங்குவதற்கு முதல்நாளே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வழி. கூகுள் மேப்ஸ் உங்கள் வாகனத்தின் உயரத்தைக் கேட்பதே இல்லை. பாஸ்டனின் ஸ்டாரோ டிரைவ் போன்ற தாழ்வான பாலங்கள் உள்ள சாலைக்குள்ளும் அது தயங்காமல் அனுப்பிவிடும். அங்கே உயர வரம்பு 10 அடிதான். ஆகவே உயரம், நீளம், எடை, சமையல் எரிவாயு உருளை ஆகியவற்றைப் பதிந்து வழி கேட்கக்கூடிய ஆர்.வி. லைஃப் செயலிக்குச் சந்தா கட்டுவது வீண்செலவு அன்று. உயரத்தைக் கையேட்டிலிருந்து எடுக்காமல், தரையிலிருந்து கூரைமேல் உள்ள ஏ.சி. பெட்டியின் உச்சிவரை அளந்து, சில அங்குலங்கள் கூட்டியே பதியுங்கள்.

கட்டணமில்லாமல் தங்கும் இடங்களுக்கு ஐஓவர்லேண்டர் செயலி உதவும். அதில் பாராட்டுகளைவிட, பயணிகள் எழுதிய கடைசிக் குறிப்பின் தேதிதான் முக்கியம். ஈராண்டுக்கு முந்தைய பாராட்டை நம்பிப் போனால், பூட்டிய வாயில் எதிர்ப்படலாம்.

பூங்காக்களுக்குள் சிக்னல் பெரும்பாலும் கிடைக்காது. எனவே அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவையின் என்.பி.எஸ். செயலியில் உரிய பூங்காவின் தகவல்களையும், கூகுள் மேப்ஸில் அப்பகுதியின் வரைபடத்தையும் வைஃபை இருக்கும்போதே பதிவிறக்கி, விமானப் பயன்முறையில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.