சிப்பி வளர்ப்புக்கு பிரெஞ்சுல என்ன பேரு, அதை எப்படிப் பிரிச்சு சொல்றது

ஆய்ஸ்டர், மஸல் எல்லாம் வளர்க்கிற தொழிலுக்கு பிரெஞ்சுல பொதுப் பேரு கோன்-கி-லி-க்யுல்-த்யுர். தமிழ்ல எழுதினதை அப்படியே படிச்சா தப்பா வரும், அதனால படிப்படியா போவோம்.

1. முதல்ல எழுத்தைப் பிரிங்க. சி-ஓ-என் / சி-எச்-ஒய் / எல்-ஐ / சி-யூ-எல் / டி-யூ-ஆர்-இ. சி-எச் ஒரே ஒலி, அதை நடுவுல வெட்டக்கூடாது. கடைசி இ பேசும்போது விழுந்துடும், ஆக 5 அசை.

2. சி-எச் இங்க 'ஷ' இல்ல, 'க'. கிரேக்க வேர், ஓர்கெஸ்த்ர் (ஆர்கெஸ்ட்ரா) மாதிரி. ஆனா கிரேக்கம்னாலே 'க'ன்னு முடிவு பண்ணிடாதீங்க, ஆர்ஷிதெக்த்தும் (ஆர்க்கிடெக்ட்) கிரேக்கம்தான், ஆனா அதுல 'ஷ'.

3. இங்கதான் நம்மாளுங்க எல்லாருமே மாட்டுவாங்க. முதல் அசையில 'ன்' கிடையவே கிடையாது, மூக்கு வழியா வர்ற 'ஓ' மட்டும்தான். "நேத்தே வந்தோம்"னு வேகமா சொல்லிப் பாருங்க, கடைசில உதடு மூடாம 'ம்' மூக்குலயே கரையுதுல்ல, அதேதான் வேணும். அடுத்து வர்ற 'கி' இன்னும் மோசம், ஏன்னா நம்ம வாய் மூக்கொலிக்கு அப்புறம் வர்ற 'க'வை தானாவே மெலிசாக்கிடும், "சங்கு"ல வர்ற 'கு' மாதிரி. அப்படி விடாதீங்க, "பக்கி"ல வர்ற அழுத்தமான 'கி' வேணும். கோ... சொல்லிட்டு ஒரு செகண்ட் நிறுத்தி கி சொல்லுங்க, பழகினப்புறம் இடைவெளியைக் குறைச்சுக்கலாம்.

4. க்யுல், த்யுர் ரெண்டுலயும் 'ய்' ஒலி கிடையாது, வேற வழியில்லாம அப்படி எழுதியிருக்கேன். 'ஈ' சொல்லிட்டே நாக்கை அசைக்காம உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவிங்க. டி-க்கு நம்ம 'த்' சரியாப் பொருந்தும், இங்கிலீஷ் "கல்ச்சர்" மாதிரி 'ச்' வரவே கூடாது. கடைசி 'ர்' தொண்டையில.

இந்த வாலைப் பிடிச்சுட்டா ஒஸ்த்ரேயிக்யுல்த்யுர் (ஆய்ஸ்டர் மட்டும்), மித்திலிக்யுல்த்யுர் (மஸல் மட்டும்) ரெண்டும் தன்னால வந்துடும்.

கேட்டுப் பழக மொழிபெயர்ப்பு ஆப்போட மெஷின் குரல் வேண்டாம், பிரெஞ்சு விக்சனரியில ஒலிக்குறியீடு பாருங்க, அப்புறம் யூடியூப்ல கான்கால் (வடமேற்கு பிரான்ஸ்ல பிரிட்டனி கடற்கரை ஊர்) ஆய்ஸ்டர்காரங்க பேசுற வீடியோவை 0.75 வேகத்துல ஓடவிடுங்க.

அப்டேட்: வீடியோல 6 அசை கேக்குது, 'ங்'கும் கேக்குதுன்னு கமெண்ட்ல கேட்டிருக்கீங்க. அது கான்கால் பேச்சு இல்ல, தெற்கு பிரான்ஸ் பேச்சு. அங்க தோ ஏரி, பூஸிக் ஊர் பக்கம் கடைசி இ-யையும் சொல்லுவாங்க, மூக்கொலிக்குப் பின்னால லேசா 'ங்' ஒட்டும். அது தப்பில்ல, ஆனா அங்கயும் 'கி' அழுத்தமாத்தான் வரும்.