அமெரிக்க அதிபர் தேர்தல் முடிவைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 நவம்பர் 6. கமலா ஹாரிஸ் தோற்றுவிட்டார் என்று தெரிந்த சில மணி நேரத்திலேயே சமூக ஊடகங்களில் ஒரு கேள்வி பரவியது. 2020-இல் பைடன் 8.1 கோடி வாக்குகள் வாங்கினாரே, ஹாரிஸுக்கு அதைவிட இரண்டு கோடி வரை குறைகிறதே, அந்த வாக்குகள் எங்கே? ஒரு தரப்பு இதை 2020-இல் கள்ள வாக்கு விழுந்ததற்குச் சான்று என்றது. இன்னொரு தரப்பு 2024-இல்தான் வாக்கு திருடப்பட்டது என்றது. இருவர் கையிலும் இருந்தது பாதியில் நின்ற கணக்கு. கலிஃபோர்னியாவில் மட்டுமே பல லட்சம் தபால் வாக்கு உறைகள் இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தன. எண்ணி முடித்தபோது ஹாரிஸுக்குச் சுமார் 7.5 கோடி, டிரம்புக்குச் சுமார் 7.73 கோடி. பதிவான மொத்த வாக்குகள் 2020-இல் ஏறக்குறைய 15.8 கோடி, 2024-இல் 15.5 கோடி. காணாமல் போன இரண்டு கோடி என்று எதுவும் இல்லை.

அதே அவசரத்தில் வந்த இன்னொரு பிழை, டிரம்ப் பாதிக்கு மேல் வாக்குகளைப் பெற்றார் என்பது. முதல் நாள் கணக்கில் அப்படித்தான் தெரிந்தது. இறுதிக் கணக்கில் அவருக்கு 49.8 விழுக்காடு, ஹாரிஸுக்கு 48.3. டிரம்ப் தெளிவாக வென்றார், ஆனால் பாதியைத் தொடவில்லை. முதல் வாரத்தில் எழுதப்பட்ட பல அலசல்கள் இதனாலேயே பழுதாகிப் போயின.

எண்ணும் வரிசையைப் பார்க்காமல் முன்னிலையை நம்புவது

பெரும்பாலான குழப்பத்துக்கு வேர் இதுதான். காலை 8 மணிக்குத் தபால் வாக்குகளில் தொடங்கும் நம் ஊர் எண்ணிக்கையைப் பார்த்துப் பழகியவர்கள், உலகம் முழுக்க அப்படித்தான் என்று எண்ணிவிடுகிறோம். அமெரிக்காவில் வரிசையை முடிவு செய்வது ஒவ்வொரு மாகாணத்தின் சட்டம்.

பென்சில்வேனியாவில் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன் தபால் வாக்கு உறையைப் பிரிக்கக்கூடாது. அதன்பின் வெளி உறையில் வாக்காளரின் கையெழுத்தைப் பார்க்க வேண்டும், அதைப் பிரித்து உள்ளே இருக்கும் ரகசிய உறையை எடுக்க வேண்டும், அதையும் பிரித்து மடிப்பை நீவி இயந்திரத்தில் செலுத்த வேண்டும். 2020-இல் கொரோனா காரணமாக இப்படி 25 லட்சத்துக்கும் மேற்பட்ட உறைகள் குவிந்தன. டிரம்ப் தபால் வாக்கைத் தொடர்ந்து சாடியதால் அவருடைய ஆதரவாளர்களில் பலர் நேரில் வாக்களித்தார்கள், பைடனின் ஜனநாயகக் கட்சியினர் தபாலில் அனுப்பினார்கள். நேரில் போட்ட வாக்குகள் முதலில் எண்ணப்பட்டதால் இரவில் டிரம்ப் ஆறு லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் முன்னிலை. உறைகள் பிரியப் பிரிய அது கரைந்து, கடைசியில் பைடன் 80,555 வாக்குகளில் வென்றார். இப்படி நடக்கும் என்று தேர்தலுக்குப் பல வாரங்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள். அப்படியிருந்தும் 'நள்ளிரவில் வாக்குப் பெட்டி வந்தது' என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை.

ஃபுளோரிடாவில் அப்படியே தலைகீழ். அங்கே தபால் வாக்குகளைத் தேர்தல் நாளுக்கு முன்பே எண்ணத் தொடங்கிவிடுவார்கள், வாக்குப்பதிவு முடிந்ததும் அந்தக் கணக்குதான் முதலில் வெளியாகும். அதனால் 2020-இல் அங்கே முதலில் முன்னிலையில் இருந்தவர் பைடன், வென்றவர் டிரம்ப். அதைப் பார்த்து யாரும் மோசடி என்று சொல்லவில்லை.

கலிஃபோர்னியாவின் தாமதத்துக்குக் காரணம் வேறு. 2024-இல், தேர்தல் நாளுக்குள் தபால் முத்திரை விழுந்த உறை ஏழு நாள் கழித்து வந்தாலும் செல்லுபடியானது. உறையின் கையெழுத்து பதிவேட்டிலுள்ள கையெழுத்தோடு ஒத்துப்போகாவிட்டால் வாக்காளரைத் தொடர்பு கொண்டு சரிசெய்ய வாய்ப்புத் தர வேண்டும். போதாததற்கு வாக்குச்சீட்டில் அதிபர் பதவியோடு செனட், பிரதிநிதிகள் சபை, மாகாணச் சட்டமன்றம், உள்ளாட்சிப் பதவிகள், அந்த ஆண்டு 10 மாகாண அளவிலான பொதுவாக்கெடுப்புக் கேள்விகள் எல்லாம் சேர்ந்திருந்தன. ஒரே பொத்தானை அழுத்தும் நம் இயந்திரத்தோடு இதை ஒப்பிட்டு 'ஒரே நாளில் எண்ண முடியாதா' என்று கேட்பது பொருந்தாது. ஆனால் பென்சில்வேனியா அந்த 7 மணி விதியைத் தளர்த்தினாலே பாதி சந்தேகம் எழாது. அதைச் செய்யாமல் விட்டது அங்கத்திய சட்டமன்றத்தின் குறை.

ஆகவே திரையில் முன்னிலையைப் பார்த்ததும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை வாக்குகள் மிச்சம்? எந்தக் கவுன்டியில் (மாகாணத்துக்குள் மாவட்டம் போன்ற பகுதி) மிச்சம்? நேரில் போட்டவையா, தபாலில் வந்தவையா? '95 விழுக்காடு எண்ணியாயிற்று' என்பதும் மதிப்பீடுதான். மொத்தம் எவ்வளவு என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது, அதனால் அந்த விழுக்காடு சில சமயம் கீழே இறங்கவும் செய்யும்.

நாடு முழுவதற்குமான கூட்டுத்தொகையை வெற்றியாக நினைப்பது

இது ஒரே தேர்தல் அல்ல. 50 மாகாணங்களும் தலைநகர் வாஷிங்டனும் சேர்த்து 51 தேர்தல்கள். ஒவ்வொரு மாகாணத்துக்கும் பிரதிநிதிகள் சபையில் உள்ள இடங்களோடு இரண்டு சேர்த்தால் வருவதே, அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் எண்ணிக்கை. கலிஃபோர்னியாவுக்கு 54, வயோமிங்குக்கு 3, மொத்தம் 538, வெல்ல 270. மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற எல்லா இடங்களிலும் ஒரு வாக்கு கூடுதலாக வாங்கியவருக்கே அத்தனை தேர்வாளரும்.

2016-இல் ஹிலாரி கிளின்டன் சுமார் 28.7 லட்சம் வாக்குகள் அதிகம் பெற்றும் தோற்றார். மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து டிரம்பின் கூடுதல் 78,000-க்கும் குறைவு. அதைப் பார்த்து வரும் கோபம் நியாயமானது. ஆனால் அந்த ஏற்பாட்டின் மீதான கோபத்தையும் மோசடிக் குற்றச்சாட்டையும் ஒன்றாகக் குழைக்கக்கூடாது. மொத்த வாக்கை வைத்துப் போட்டி நடந்திருந்தால் இவர்தான் வென்றிருப்பார் என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது. அப்போது பிரசாரமே வேறு ஊர்களில் நடந்திருக்கும். கலிஃபோர்னியாவின் குடியரசுக் கட்சியினரும் டெக்சாஸின் ஜனநாயகக் கட்சியினரும் வாக்குச்சாவடிக்கு வந்திருக்கும் அளவும் மாறியிருக்கும்.

வென்ற கட்சியின் நிறத்தைப் பூசிய வரைபடமும் இப்படித்தான் ஏமாற்றும். நிலத்துக்கு வாக்கில்லை. லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி ஒன்றில் மட்டும் சுமார் ஒரு கோடிப் பேர், வயோமிங் மாகாணம் முழுவதும் ஆறு லட்சத்துக்கும் குறைவு.

கருத்துக்கணிப்பின் பிழை வரம்பை ஒருமுறை மட்டும் கழிப்பது

800 பேரிடம் எடுத்த கணிப்பில் பிழை வரம்பு, அதாவது முடிவு கூடவோ குறையவோ இருக்கக்கூடிய அளவு, சுமார் 3.5 புள்ளி. அது ஒவ்வொரு வேட்பாளரின் பங்குக்கும் உரியது. இருவருக்கும் இடையிலான வித்தியாசத்துக்கு ஏறக்குறைய அதன் இரு மடங்கைக் கணக்கில் கொள்ள வேண்டும். 2 புள்ளி முன்னிலை என்றால் யார் முந்துகிறார் என்று சொல்ல முடியாது என்றே பொருள். 2016-இல் நாடு தழுவிய கணிப்புகள் பெரிதாகத் தவறவில்லை. தவறியவை விஸ்கான்சின் போன்ற மாகாணக் கணிப்புகள். கல்லூரிப் படிப்பு இல்லாதவர்களின் பங்கைப் பல நிறுவனங்கள் சரியாக ஈடுசெய்யாதது அதற்கு முக்கியக் காரணம்.

நடைமுறைப் பிழையை மோசடி என்பது

2020-இல் மிச்சிகனின் ஆன்ட்ரிம் கவுன்டியில், வழக்கமாகக் குடியரசுக் கட்சி வெல்லும் இடத்தில், முதல் கணக்கில் பைடன் முன்னிலை காட்டியது. வாக்குச்சீட்டு வடிவம் கடைசி நேரத்தில் மாறியிருந்தும் சில இயந்திரங்களில் அதைப் புதுப்பிக்காமல் விட்டதே காரணம். உடனே திருத்தினார்கள். டிசம்பரில் காகிதச் சீட்டுகளைக் கையால் எண்ணியபோதும் டிரம்பின் வெற்றியே உறுதியானது. மறு எண்ணிக்கையால் முடிவு மாறும் என்ற நம்பிக்கைக்கும் ஒரு அளவு வேண்டும்: ஜார்ஜியாவில் சான்றளிக்கப்பட்ட 12,670 வித்தியாசம் மறு எண்ணிக்கைக்குப் பின் 11,779 ஆனது. சில நூறு மாறலாம், ஆயிரக்கணக்கில் மாறுவது அரிது. 2000-இல் ஃபுளோரிடாவில் 537 வாக்கு வித்தியாசம் என்பதால்தான் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

தொலைக்காட்சி அறிவிப்பையே சட்டப்படியான முடிவாகக் கொள்வது

அமெரிக்காவில் நம் தேர்தல் ஆணையம் போல முடிவை அறிவிக்கும் மைய அமைப்பு கிடையாது. கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் என்ற பெயரில் இருப்பது பிரசாரப் பணத்தைக் கண்காணிப்பது மட்டுமே. அன்றிரவு நாம் கேட்பது செய்தி நிறுவனங்களின் கணிப்பு. 2000-இல் தொலைக்காட்சிகள் ஃபுளோரிடாவை முதலில் ஜனநாயகக் கட்சியின் அல் கோருக்குக் கொடுத்துத் திரும்பப் பெற்றன, நள்ளிரவுக்குப் பின் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ்ஷுக்குக் கொடுத்து அதையும் திரும்பப் பெற்றன. சட்டப்படி கவுன்டியும் மாகாணமும் சான்றளிக்க வேண்டும், டிசம்பரில் தேர்வாளர்கள் அவரவர் மாகாணத்தில் கூடி வாக்களிக்க வேண்டும், ஜனவரி 6 அன்று நாடாளுமன்றம் எண்ண வேண்டும்.

அடுத்த தேர்தல் 2028 நவம்பர் 7. நமக்கு மறுநாள் புதன்கிழமை காலை 5.30-க்கு ஜார்ஜியாவிலும், 6.30-க்குப் பென்சில்வேனியாவிலும், 7.30-க்கு விஸ்கான்சின், அரிசோனாவிலும், 9.30-க்குக் கலிஃபோர்னியாவிலும் வாக்குப்பதிவு முடியும். மொத்த வாக்குகளை ஒப்பிட்டுப் பேச விரும்புகிறவர்கள் டிசம்பர் நடுப்பகுதி வரையாவது பொறுத்திருக்க வேண்டும்.