எண்ணெய் கசிந்த கடலில் பிடித்த மீனைச் சோதிப்பது எப்படி?

முதலில் மூக்கை நம்புங்கள். செவுளைத் தூக்கி முகர்ந்து பாருங்கள், டீசல் வாடை லேசாக அடித்தாலும் அந்த மீன் வேண்டாம். கழுவினாலும் வறுத்தாலும் அந்த நச்சு போகாது. வாடையே இல்லையென்றால் மீன் சுத்தம் என்று அர்த்தமில்லை, அதுதான் சிக்கல்.

அப்புறம் செவுள். நல்ல மீனுக்கு இரத்தச் சிவப்பில் இழை இழையாகப் பிரிந்து நிற்கும். எண்ணெய் பட்ட மீனில் இழைகள் வீங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, மேலே சளி தடித்திருக்கலாம், மூச்சுத் திணறுவது இதனால்தான். துடுப்பு ஓரம் அரித்திருக்கிறதா, தோலில் புண் உண்டா என்றும் ஒரு பார்வை. (வேறு நோயிலும் இவை வரும், அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம்.)

ஆய்வக வசதி இருந்தால் பித்தப்பையைப் பத்திரமாக எடுங்கள். கச்சா எண்ணெயின் பல்வளைய ஹைட்ரோகார்பன்களை (அதிலுள்ள நச்சுச் சேர்மங்கள்) கல்லீரல் உடைத்துப் பித்தநீருக்கு அனுப்பிவிடும், ஆகவே சதையைவிட அங்கேதான் தடயம் எளிதில் சிக்கும்; புற ஊதா ஒளியில் ஒளிரும். சிப்பிகளால் இப்படி வேகமாக உடைக்க முடியாது, அதனால் அவற்றில் அதிக நாள் தங்கும்.

பெரிய மீனோடு நிறுத்திவிடாதீர்கள், பெரிய சேதம் முட்டையில்தான். கருவை நுண்ணோக்கியில் வைத்து இதயத்தைப் பாருங்கள்: துடிப்பு தாறுமாறாக இருக்கும், சுற்றிலும் நீர் கோத்திருக்கும். 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் வெடித்த டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை விபத்தின் எண்ணெயைக் கொண்டு சூரை மீன் கருக்களில் செய்த சோதனையில் இதையேதான் கண்டார்கள், அதுவும் லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவிலேயே. பிழைத்த குஞ்சும் நன்றாக நீந்தாது, சீக்கிரம் இரையாகிவிடும்.