மேல்வீட்டு மேசையும் என் கோபமும்: அடுத்தவரைப் புரிந்துகொள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் தினமும் ராத்திரி பதினொரு மணிக்கு ஏதோ ஒன்று இழுபடும். 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் அமைதி, மறுபடி ஒரு 'கர்ர்ர்'. எனக்குக் கண் சொருகுகிற நேரமும் அதுதான். நாலாவது நாளே முடிவு கட்டிவிட்டேன்: வேண்டுமென்றே செய்கிறார்கள். முந்தின வாரம்தான், காயப்போட்ட துணியிலிருந்து எங்கள் வாசலில் தண்ணீர் சொட்டுகிறது என்று அவர்களிடம் சொல்லியிருந்தேன். அதற்குத்தான் இந்தப் பழிவாங்கல். கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது.

செய்ததைப் பார்த்த கையோடு ஆளின் குணத்துக்கே தீர்ப்பு எழுதிவிடுவதுதான் இதில் முதல் தவறு. அடுத்த வீட்டு கேட் முன்னால் நான் வண்டியை நிறுத்தினால், 'ரெண்டே நிமிஷம், அவசரம்'. என் கேட் முன்னால் இன்னொருவர் நிறுத்தினால், 'கொஞ்சமாவது அறிவு இருக்கா?' நமக்கு மட்டும் சூழ்நிலை உண்டு, மற்றவர்களுக்கு புத்திதான் கோணல். அடுத்தவர் செய்ததற்குச் சூழ்நிலையை விட்டுவிட்டு குணத்தையே காரணமாக்கும் இந்தச் சாய்வுக்கு 1977-ல் ஸ்டான்ஃபோர்டு உளவியல் பேராசிரியர் லீ ராஸ் 'fundamental attribution error' என்று தனியாக ஒரு பெயரே வைத்தார்.

சூழ்நிலை ஒரு ஆளை எவ்வளவு மாற்றும் என்பதற்கு உளவியலாளர்கள் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் இருவரும் 1973-ல் வெளியிட்ட ஆய்வு நல்ல உதாரணம். அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் பாதிரியார் படிப்பு படித்த 40 மாணவர்களை, பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு பேச்சு பேசச் சொன்னார்கள். போகிற வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமிக்கொண்டிருப்பார், அது ஏற்பாடு. சிலரிடம் 'நேரமாகிவிட்டது, ஓடுங்கள்' என்றார்கள். சிலரிடம் 'இன்னும் நேரம் இருக்கிறது' என்றார்கள். நேரம் இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். அவசரத்தில் போனவர்களில் 10 சதவீதம்தான். வேடிக்கை என்னவென்றால், பாதிப் பேர் பேசப்போன தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய, பைபிளில் வரும் நல்ல சமாரியன் கதை. தலைப்பு சொல்லும்படியான வித்தியாசம் எதையும் செய்யவில்லை, கையிலிருந்த நேரம் செய்தது. ஓடியவர்கள் எல்லாரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா?

சரி, என் கதைக்கு வருகிறேன். தீர்ப்பு எழுதினேனே தவிர, மேலே போய்ச் சண்டை போடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். அதைப் பெருந்தன்மை என்று வேறு நினைத்துக்கொண்டேன். பொறுத்துக்கொள்வதும் பார்வையை மாற்றிக்கொள்வதும் ஒன்றல்ல. உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ் 1998-ல் வெளியிட்ட சோதனையில், அருவருப்பூட்டும் படக்காட்சி ஒன்றைப் பார்க்க வைத்தார்கள். உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் அடக்கியவர்களுக்கு அருவருப்பு குறையவில்லை. உடம்பின் உள்பதற்றம் இன்னும் கூடியிருந்தது. காட்சியை ஒரு மருத்துவர் போல விலகி நின்று பார்த்தவர்களுக்குத்தான் அருவருப்பே குறைந்தது. அடக்கிய கோபம் சில சமயம் வேறு வழியாக வெளியே வரும். என் விஷயத்தில் மறுநாள் காலையில் காபி ஆறிப்போனதற்காக வந்தது.

அடுத்த தவறைப் பலர் தவறு என்றே நினைப்பதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மேல்வீட்டில் வயசான அம்மா ஒருவர் உண்டு. "அவங்களால நடக்க முடியலையோ என்னவோ, நாற்காலியைத் தள்ளிக்கிட்டே பாத்ரூம் போறாங்களோ" என்றாள் மனைவி. அவ்வளவுதான், என் கோபம் பொசுக்கென்று போய்விட்டது. இரண்டு நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டு உருகினேன். தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரின் நம்பரைக்கூட எடுத்து வைத்தேன். மூன்றாம் நாள் மாடிப்படியில் அந்த அம்மாவே எதிரே வந்தார், ஒரு கையில் கீரைக்கட்டு, மறு கையில் பால் தூக்கு, விறுவிறுவென்று.

கோபத்தில் கட்டிய கதையும் என் கற்பனை, இரக்கத்தில் கட்டிய கதையும் என் கற்பனை. 'அவர் இடத்தில் நின்று யோசி' என்று சொல்லும்போது நாம் பெரும்பாலும் செய்வது, நம் தலையைக் கொண்டுபோய் அவர் உடம்பில் பொருத்துவதுதான். டல் எயல், மேரி ஸ்டெஃபல், நிக்கோலஸ் எப்லி மூவரும் 25 சோதனைகள் நடத்தி 2018-ல் வெளியிட்டதும் இதைத்தான் காட்டியது. அடுத்தவர் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்ததால் மட்டும் அவர் மனதைச் சரியாகக் கணிக்கும் திறமை கூடவில்லை. பேசிக் கேட்டவர்களுக்குத்தான் கூடியது.

கேட்பதிலும் ஒரு கோளாறு உண்டு. 'ஏங்க இப்படிப் பண்றீங்க?' என்றால் அது கேள்வி இல்லை, குற்றப்பத்திரிகை. அந்த அம்மாவின் மருமகளிடம், "ஏம்மா, ராத்திரி பதினொரு மணிவாக்குல எங்க ரூமுக்கு மேல ஏதோ இழுக்கிற சத்தம் கேக்குது, என்னன்னு தெரியலையே" என்று மட்டும் சொன்னேன்.

"ஐயோ, கீழ வரைக்கும் கேக்குதாண்ணா? அவருக்கு செகண்ட் ஷிப்ட். வந்து சாப்பிட்டதும் மேசையை ஓரமா தள்ளினாத்தான் பாய் விரிக்க இடம் இருக்கும்."

பழியும் இல்லை, முடியாமையும் இல்லை. இடம் போதாத ஒரு ஹால், அவ்வளவுதான்.

வாட்ஸ்அப்பில் இந்தக் கதைகட்டல் இன்னும் மோசம். மேலதிகாரி 'சரி' என்று ஒற்றைச் சொல் அனுப்பினால் அதில் எத்தனை முறைப்பு தெரிகிறது நமக்கு! ஜஸ்டின் குரூகரும் சகாக்களும் 2005-ல் மின்னஞ்சலை வைத்துச் சோதித்தார்கள். கிண்டலா நிஜமா என்பதைப் பெறுபவர் 78 சதவீதம் சரியாகப் பிடித்துவிடுவார் என்று அனுப்பியவர்கள் நினைத்தார்கள். பிடித்தது 56 சதவீதம். காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 கிடைத்திருக்கும். சந்தேகம் வந்தால் போன் போடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பார்வை மாற்றத்தை அடுத்தவருக்கு உபதேசமாகக் கொடுப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. அடிபட்டவர் வாய் திறக்கும்போதே 'அவங்க பக்கமும் யோசிச்சுப் பாரு' என்று அடைத்துவிடுகிறோம். கவனித்துப் பாருங்கள், நம் வீடுகளில் இந்த வாக்கியம் மருமகளிடம்தான் அதிகம் போகும், மாமியாரிடம் அபூர்வமாகத்தான் போகும். கை நீட்டுகிறவன், தினமும் அவமானப்படுத்துகிறவன் விஷயத்தில் காரணம் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. காரணம் இருக்கலாம், அதற்காக வாங்கிக்கொண்டிருக்க முடியாது.

ஹார்டுவேர் கடையில் நாலு ரப்பர் புஷ் வாங்கி மேலே கொடுத்தேன், மேசைக் காலில் மாட்டிவிட்டார்கள். சத்தம் முக்கால்வாசி போய்விட்டது, முழுக்கப் போகவில்லை. பதினொரு மணிக்கு லேசாக ஒரு 'கர்ர்' கேட்கும். 'வந்துட்டார் போல' என்று மனைவி சொல்வாள், நான் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.